நாகையாவின் பதினோரு காலடிகள்

லோகேஸ்வரிக்கு நாற்பத்தொரு வயது வரைக்கும் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ரப்பர் கையுறை. மேரு என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருஷம் கையுறைக்குள் காற்றை அடைத்து எங்கே ஓட்டை என்று பார்க்கிற வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். புருஷன் அதற்கு முன்பே ஜோகூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவர், போனவர்தான். வீட்டில் அவளும், இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் பாரம் படிக்கும் மகளும்.

கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவில் இருக்கும் ஒரு கோல்ஃப் கிளப்பில் நான் கிராணி, ஆபிஸ் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் ஏறி வருகிறவள். ஊரெல்லாம் காலையில் தலைநகர் கே.எல். பக்கம் ஓடும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் போவேன், உட்கார இடம் கிடைக்கும். புல் பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறோம் என்று விளம்பரம் போட்டது கிளப். நேர்முகத்துக்கு வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் இளவட்டங்கள். ஒன்பதாவது ஆளாக லோகேஸ்வரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த எட்டுப் பேரில் யாரும் இரண்டாவது மாதம் தாண்டவில்லை. வெயில் அப்படி.

பயிற்சி எட்டு மாதம். புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் பாடம். மற்ற நாட்களில் கிளப்பில் வேலை. முடித்தால் சான்றிதழ், நிரந்தர வேலை. முடிக்காவிட்டால் கார் நிறுத்துமிடத்தில் இலை கூட்டுகிற வேலை, அதுவும் ஆள் குறையும்போதுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் புல்லின் உயரம் மூன்றரை மில்லிமீட்டர் என்றால் மூன்றரை, நாலு இல்லை என்று அளவுகோலோடு மண்டியிட்டு நிற்பாள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு ஜீவனுடையது. மைதானத்தின் உதவி மேற்பார்வையாளர், இருபத்தொன்பது வயது, டிப்ளமா வாங்கியவன். அவள் அவனை "பாஸ்" என்பாள். அவன் அவளை "அக்கா" என்பான். திட்டும்போதும் அக்காதான்.

மைதானத்து ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி, நாகையா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேலை. மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது கால் அடிபட்டு, நடக்கும்போது நுனியை இழுப்பார். கிரீன் என்று சொல்கிறார்களே, பந்து உருண்டு குழியில் விழுகிற அந்தப் பட்டுப் போன்ற புல்தரை, அதன் ஓரத்தில் நின்று இரண்டு பூட்ஸையும் தட்டி உதறாமல் அவர் ஏறியதே கிடையாது. மற்றவர்கள் தட்டாமல் ஏறினால் காது கூசும்படி பேசுவார். பெண்கள் நிற்கிறார்களே என்று பார்க்கமாட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. கிளப்பில் இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷன், காப்பார் கிராமத்தில் தன் கம்பத்து வீட்டுக்குள் அதே பூட்ஸோடு போய்விடுவார். அவர் மனைவி இராஜம்மா ஒரு நாளைக்கு இரண்டு முறை மொசைக் தரையைத் துடைக்கிறவர். தினமும் இதற்குச் சண்டை. அவரே வந்து எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு லோகேஸ்வரி சொன்னது. ஏழாவது கிரீனை ஒட்டிப் போகும் சிமெண்டுப் பாதையின் விரிசல்களில் களை முளைத்திருந்தது. அதற்குப் புல்லைக் கொல்கிற மருந்து அடிக்கும் வேலை அவளுக்கு. மருந்து அடிக்கும் இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட வேண்டும், காய்கிறவரை யாரும் கொடியைப் பிடுங்கக்கூடாது. அது சட்டம். கிரீனுக்கு இந்தப் பக்கம் அடித்தாள், அந்தப் பக்கமும் அடித்தாள், இரண்டு பக்கமும் கொடி நட்டாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். முடித்து, முதுகிலிருந்து மருந்து பம்பை இறக்கும்போது மூடி சரியாகத் திருகாமல் இருந்திருக்கிறது. ஒரு கிண்ணம் அளவுக்கு மருந்து பாதையில் கொட்டியது.

தண்ணீர் கொண்டுவந்து கழுவ வேண்டும், மண் போட வேண்டும், ஜீவனிடம் சொல்ல வேண்டும். மணி ஐந்தாக ஏழு நிமிஷம். ஐந்து மணிக்கு கிளப் வேன். விட்டால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், மகள் தனியாக இருப்பாள். வானம் இருட்டியிருந்தது. மழை வந்து கழுவிவிடும் என்று நினைத்தாள். அப்போது நாகையா வந்தார்.

"அண்ணே, அந்தப் பக்கம் கொடி நாலு இருக்கு. கொஞ்சம் பிடுங்கிட்டு வாங்கண்ணே, வேன் போயிரும்."

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சுண்ணே."

வேறு நாளாக இருந்தால் அவர் வழக்கம்போலச் சுற்றி வந்து, ஓரத்தில் நின்று, பூட்ஸைத் தட்டித்தான் ஏறியிருப்பார். அவள் அவசரப்படுத்தியதால் நேராகப் பாதையைத் தாண்டினார், கொட்டிக்கிடந்த ஈரத்தில் மிதித்தார், கிரீனில் ஏறினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே, நில்லுங்க என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்று மழை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்த நாகையா எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நாலு வயது. இதயம் என்றார்கள். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆஸ்பத்திரியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், நானும் இங்கே சொல்லிவிடுகிறேன். லோகேஸ்வரிக்கு அப்போது பூட்ஸின் நினைவே வரவில்லை. எங்கள் எல்லாரோடும் சேர்ந்து அழுதாள்.

எட்டாம் நாள் படையலுக்கு நானும் அவளும் போனோம். ஞாயிறு சாயங்காலம். இலை போட்டு நாகையாவுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு, ஒரு போத்தல் பீர், வெற்றிலை எல்லாம் வைத்தார்கள். நிலைவாசலுக்கு உட்பக்கம் இராஜம்மா அக்கா அரிசி மாவைச் சலித்துத் தூவினார். செத்தவர் வந்து சாப்பிட்டால் மாவில் காலடி தெரியும் என்பது வழக்கம். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போர்ச்சில் நின்றோம். மோட்டார் சைக்கிள்கள் ரோட்டில் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தார்கள். மாவு தூவியது தூவியபடியே இருந்தது. ஒரு எறும்புகூட ஏறவில்லை. வந்திருந்தவர்கள் ஏதேதோ சமாதானம் சொன்னார்கள். இராஜம்மா அக்கா அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு வரமாட்டாரு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம தொடச்ச தரையில பூட்ஸோட வந்துட்டாரு. இந்தக் கால வெச்சிக்கிட்டு என் வீட்டுக்குள்ள வராதீங்கன்னு கத்துனேன். அதுதான் நான் கடைசியா பேசுனது. சாப்பிட்டாரு, படுத்தாரு, போயிட்டாரு."

லோகேஸ்வரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கிரீனில் காலையில் முதல் வேலை பனியைத் தட்டுவது. நீளமான மூங்கில் கழியைப் புல்லின் மேல் வீசி இழுத்தால் பனித்துளி உதிரும், புல் சீக்கிரம் காயும், நோய் வராது. அன்று ஏழாவது கிரீன் லோகேஸ்வரியின் முறை. போய்ப் பார்த்தால் பனியில் யாரோ நடந்திருக்கிறார்கள். யார் இவ்வளவு காலையில் ஏறியது என்று எரிச்சலோடு கழியை வீசி இழுத்தாள். பனி போய்விட்டது. காலடி போகவில்லை.

மஞ்சளாக, ஒன்றன்பின் ஒன்றாக, பதினோரு காலடிகள். வலது கால் முழுதாக. இடது கால், நுனியில் ஒரு நீண்ட இழுப்போடு. பாதையிலிருந்து ஏறி, கிரீனின் நடுவரைக்கும் வந்து, போகப்போக மங்கி, பதினோராவதோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கம் இறங்கிய அடையாளமும் இல்லை, திரும்பி வந்த அடையாளமும் இல்லை.

அவள் கழியைக் கீழே போட்டுவிட்டு ஆபிஸுக்கு ஓடிவந்தாள். நானும் ஜீவனும் போய்ப் பார்த்தோம். நான் பட்டணத்தில் வளர்ந்தவள், பேய் பிசாசுக்குப் பயப்படாதவள் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அந்த இடது காலைப் பார்த்ததும் நான் ஜீவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

ஜீவன் குனிந்து புல்லைக் கிள்ளிப் பார்த்தான்.

"மருந்து. இந்த மருந்து பட்டா ஒடனே தெரியாது. பத்து நாள் ஆவும். மருந்த மிதிச்சிட்டு மேல ஏறியிருக்காரு." இழுத்திருந்த நுனியை விரலால் தொட்டான். "நாகையா அண்ணன் காலுதான்."

அப்போதுதான் லோகேஸ்வரிக்கு அந்த வெள்ளிக்கிழமை முழுசாக நினைவுக்கு வந்திருக்கிறது.

கிளப்பில் கிரீன் கெட்டால் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஜீவன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். காரணம்: காலஞ்சென்ற மண்டோர் நாகையாவின் கவனக்குறைவு.

"இப்படியா எழுதணும்? இருபத்திரெண்டு வருசம்," என்றேன்.

"செத்தவர யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உயிரோட இருக்கறவங்க பேரு போட்டா வேல போயிரும். எனக்கு மட்டும் ஆசையா?"

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அடித்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் விரல்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அத்தோடு ஜீவன் இன்னொன்றும் சொன்னான். வெள்ளிக்கிழமை லோகேஸ்வரிக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. அந்தப் பதினோரு இடத்தையும் வெட்டி எடுத்து, புதுப் புல் பதித்து, காலடி இருந்த இடமே தெரியாமல் செய்ய வேண்டும். அதுதான் தேர்வு.

புதன்கிழமை மாலை ஆறரைக்கு நான் கே.எல். சென்ட்ரலில் இறங்கினேன். வகுப்பு முடிந்து கிள்ளான் ரயிலுக்குப் போக வேண்டிய லோகேஸ்வரி பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே வகுப்பு விட்டுவிட்டார்கள். இரண்டரை மணி நேரமாக அங்கேயே இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, கிண்ணம் அளவு மருந்து, கொடி, ஹாரன். மூன்று ரயில் வந்து போயிற்று.

"வீட்டுல எங்க பாத்தாலும் அந்தக் காலுதான் தெரியுது. காலையில மக வெளிய கெளம்புறப்ப அவ செருப்பத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இத ஏன் என்கிட்ட சொல்ற? நான் என்ன பாதிரியாரா? பொணத்து மேல பழிய போட்டு நான் டைப் அடிச்சுக் குடுத்துட்டேன்லா."

"சொன்னா சான்றிதழ் போயிரும்."

"போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லாதன்னும் வாய் வரல," என்றேன்.

"அது மட்டும் இல்ல. இராஜம்மாக்கா காதுக்கு விசயம் போயிருச்சு. வீட்டுக்குள்ள வராதீங்கன்னு சொன்னதால கிளப்புக்கு வந்துட்டாருன்னு நம்புறாங்களாம். நாளைக்குப் பாக்க வராங்க. மருந்துன்னு சொன்னா அதுவும் போயிரும்."

அடுத்த ரயிலில் அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு இராஜம்மா அக்கா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. ஏழாவது கிரீனில் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். மஞ்சள் இப்போது பழுப்பாகியிருந்தது. முதல் காலடியிலிருந்து கடைசிக் காலடி வரைக்கும் பக்கத்திலேயே நடந்தார். பதினோராவதில் நின்று, அதற்கு அப்பால் இருந்த பச்சைப் புல்லைப் பார்த்தார்.

"இங்கேர்ந்து எங்க போனாரு?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

லோகேஸ்வரி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இது எட்டாம் நாளுல வந்த காலு இல்லக்கா. அவரு போறதுக்கு ரெண்டு நாளு முன்ன, வெள்ளிக்கெழம நடந்தது. நான் மருந்த கொட்டிட்டேன். நான்தான் கொடி பிடுங்கச் சொன்னேன். மிதிச்சதப் பாத்தேன், சொல்லல. போகப்போக மருந்து தேஞ்சிருச்சு, அதான் இங்க நிக்குது. அவரு அந்தப் பக்கம் போயி, திரும்பி, வீட்டுக்குத்தான்க்கா வந்தாரு."

நான் பத்தடி தள்ளி நின்றேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் லோகேஸ்வரிக்கு நல்லதாக இருந்திருக்கும்.

இராஜம்மா அக்கா முதல் காலடியைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கெழமயா?" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப நான் ஏசுனதுக்கு முன்ன."

"முன்னதான்க்கா."

"அப்ப இது கோவத்துல நடந்தது இல்ல."

"இல்லக்கா. எனக்கு ஒத்தாசைக்கு நடந்தது."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பு அவரு மேலன்னு எழுதியிருக்காங்களாமே."

லோகேஸ்வரி தலையாட்டினாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அவரு பேர எழுதுன எடத்துல போயி சொல்லு."

பிறகு துணிப்பையைத் தரையில் விரித்தார். "இதுல ஒரு காலு எனக்கு வேணும். இழுக்குற காலு."

லோகேஸ்வரி அன்று மதியமே ஜீவனிடம் போய்ச் சொன்னாள். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நாளு பொறுத்திருக்கக் கூடாதாக்கா? நாளைக்கு முடிஞ்சிருக்கும்லா." அவள் கொடுத்த பதில் எனக்குக் கேட்கவில்லை. ஜீவன் என் மேசைக்கு வந்து, பழைய அறிக்கையைக் கிழித்துப் போடச் சொன்னான். நான் இரண்டாக இல்லை, எட்டாகக் கிழித்தேன். புதிதாக அடித்ததில் நாகையா பெயர் ஒரே இடத்தில்தான் வந்தது: பயிற்சி பெறுபவரின் வேண்டுகோளின்படி கொடியை எடுக்கச் சென்றார்.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை. சான்றிதழ் ஆறு மாதம் தள்ளிப்போனது, மருந்து அடிக்கும் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார்கள். ஆறு மாதமும் பயிற்சிக்காரியாகவே இருந்தாள். புதிதாக வந்த பிள்ளைகளோடு சேர்ந்து, பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மருந்து சீராக விழ நூறு மீட்டருக்கு எத்தனை காலடி என்று எண்ணி எண்ணி நடந்தாள். சிரித்தார்கள். கேட்டும் கேளாதவள் மாதிரி நடந்தாள்.

காலடிகளை வெட்டி எடுத்தது அவள்தான், தேர்வு நடக்க வேண்டியிருந்த வெள்ளிக்கிழமை, மதிப்பெண் இல்லாமல். பத்தை வண்டியில் போட்டாள். நாலாவதை, நுனி இழுத்த இடது காலை, சுற்றிலும் ஒரு சாண் பச்சைப் புல்லோடு, மண் உதிராமல், கனமாக வெட்டி எடுத்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசினில் இறக்கினாள். பேசினின் அடியில் ஓட்டை போட்டு மணல் நிரப்பித் தந்தது ஜீவன். யாரும் அவனைக் கேட்கவில்லை.

கிரீனில் இருக்கும் பெர்முடா புல்லுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலியிடம் கண்டால் நாலு பக்கமும் கொடி ஓட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வாரமே காலடியின் ஓரம் மறைய ஆரம்பித்தது. காலு மறையுது என்று இராஜம்மா அக்கா கிளப்புக்குப் போன் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரி உள்ளே ஓடும் புல்லை நறுக்கக் கத்திரிக்கோலோடு காப்பாருக்கு பஸ் ஏறினாள். அதற்கடுத்த ஞாயிறும் ஏறினாள்.

ஏழாவது மாதம் அவளுக்கு மறுதேர்வு. கே.எல்.லிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கடைசிக் கேள்வி, கிரீனில் ஒரு பாதம் அளவுக்குப் புல் செத்துப்போனால் பக்கத்துப் புல் வந்து மூட எத்தனை நாள் ஆகும் என்பது. "நல்லா பாத்துக்கிட்டா ஒரு மாசம், சார்," என்றாள் லோகேஸ்வரி. சரியான பதில். தேறிவிட்டாள். சான்றிதழை நான்தான் அச்செடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு நானும் அவளோடு காப்பாருக்குப் போனேன். சான்றிதழை இராஜம்மா அக்காவிடம் காட்டுவாள் என்று நினைத்தேன். பையிலிருந்து எடுக்கவே இல்லை. பேசின் பகலில் போர்ச்சில் வெயில் காயும், சாயங்காலம் உள்ளே வந்துவிடும். நிலைவாசலுக்கு உட்பக்கம், அன்று மாவு தூவிய அதே இடம். நாங்கள் போனபோது அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். பேசினிடம் வந்ததும், "கொஞ்சம் தள்ளுங்க," என்று மெதுவாகச் சொல்லி, இரண்டு கையாலும் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப அங்கேயே வைத்தார். நான் சட்டென்று வெளியே பார்த்தேன்.

லோகேஸ்வரி மொசைக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பேசினின் நடுவில் வெறும் மண், கால் வடிவத்தில், நுனி நீண்டு. சுற்றிலும் பச்சைக் கொடிகள் உள்ளே நீட்டியிருந்தன. கத்திரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"இந்த வாரம் நெறைய வந்துருச்சு இல்ல?" என்றார் இராஜம்மா அக்கா.

"ஆமாக்கா. மழ பேஞ்சுச்சு."

அக்கா குனிந்து, கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிரு," என்றார்.

லோகேஸ்வரி வெட்டினாள்.